ஹெல்மெட்டில் விட்டுச் செல்லவும்

சத்தி ரோட்டில் சரவணம்பட்டியைத் தாண்டியதும் வருகிற அந்த ஒன்பது மாடிக் கம்பெனியில், லிஃப்ட் ஆட்களின் எடையைப் பார்க்காது. அவர்களிடம் இருக்கிற கருத்துகளின் எடையைத்தான் பார்க்கும். எடை கூடினால் மணி அடிக்கும். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, யாராவது இறங்குகிற வரைக்கும் அப்படியே நிற்கும்.

உடம்பு எவ்வளவு பருமனாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. கேன்டீன் மாஸ்டர் அரிசி மூட்டையோடு ஏறுவார். லிஃப்ட் வாய் திறக்காது. அதே லிஃப்டில் ஒல்லியாக ஒரு பெண் ஏறி, 'புதுப் போன் வாங்கினால் சார்ஜரை ஏன் தனியாக வாங்கச் சொல்கிறார்கள்' என்று நினைத்தபடி நின்றால் போதும், மணி அடித்துவிடும்.

மேலே போகப் போக லிஃப்டுக்குப் பொறுமை குறையும். அதனால் கருத்து நிறைய இருக்கிறவர்கள் தரைத்தளத்தில் இருந்தார்கள். வாடிக்கையாளர்களின் புகாரைப் போனில் கேட்கிறவர்கள் அவர்கள். நாளெல்லாம் கேட்டுக் கேட்டு அவர்களிடம் சேர்ந்திருந்த கருத்துகளுக்கு, முதல் மாடிக்குப் போவதுகூட நடக்கிற காரியமில்லை. டீக்கடை பக்கத்திலேயே இருந்ததால் அவர்களுக்கு அதில் குறையுமில்லை. நான்காம் மாடியில் கம்ப்யூட்டருக்குக் கோடு எழுதுகிறவர்கள். ஆறாம் மாடியில் மேனேஜர்கள். ஒன்பதாம் மாடியில் ரங்கநாயகம் சார் மட்டும். அவரிடம் ஒரே ஒரு கருத்து இருந்தது, அப்பளம் கனத்தில்: 'எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருக்கு.' அவரை ஏற்றிக்கொண்டு போகும்போது லிஃப்ட் காலியாகப் போவதுபோல் ஒரு மெல்லிய ராகம் இழுக்கும்.

படிக்கட்டு உண்டு. ஆனால் அது இறங்குவதற்கானது. மாடிக் கதவுகளுக்கு உள்பக்கம் மட்டும்தான் கைப்பிடி. மெயிலில் அனுப்பலாமே என்று கேட்டால், அனுப்பலாம். மெயில் போய்ச் சேரும். கருத்து போகாது.

ஆகவே மேலே வேலை இருக்கிறவர்கள் கருத்துகளைக் கீழேயே விட்டுவிட்டு ஏறுவது வழக்கம். எங்கே விடுவது? ஹெல்மெட்டில்தான். வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, வாயை உள்ளே வைத்து மெல்ல ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் கண்ணாடியை இறக்கி மூடிவிட வேண்டும். லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் வரிசையாகக் கொக்கிகள் உண்டு; அதில் மாட்டிவிட்டால் ஆயிற்று. சாயங்காலம் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினால், முதல் சிக்னல் வருவதற்குள் எல்லாம் பழையபடி தலைக்குள் வந்துவிடும். கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள் டிபன் பைக்குள் விடுவார்கள். அவர்களுடைய கருத்துகளில் சாயங்காலம் லேசாகப் புளித்த தயிர் வாடை அடிக்கும். அவற்றை யாரும் அவ்வளவாக மதிப்பதில்லை.

கொக்கிகளுக்குக் காவல் மாராத்தாள். செக்யூரிட்டி சட்டையும் சேலையுமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். மத்தியான வேளையில் ஹெல்மெட்டுகள் ஒன்றோடொன்று முணுமுணுக்கும். சம்பள உயர்வு அறிவிக்கிற மாதம் என்றால் சுவரே அதிரும். அப்போது கையிலிருக்கிற குச்சியால் வரிசையாக ஒரு தட்டு தட்டுவாள்.

"ச்சும்மா இருங். நானென்ன பண்ணட்டும்? எனக்கே ரெண்டு வருசமா ஒண்ணும் ஏத்தல."

ஹெல்மெட்டுகள் அடங்கிவிடும்.

யுகேந்திரன் நான்காம் மாடிக்காரன். கருத்துகளுக்குப் பஞ்சமில்லாதவன். உட்கார்ந்திருந்தால் எழுந்து நட என்று சொல்கிற கைக்கடிகாரத்தைப் பற்றி ஒன்று வைத்திருந்தான்: மாமியார் வீட்டில்கூட யாரும் அவனை அப்படிச் சொன்னதில்லை. அது ஒரு தேங்காய் கனம். திங்கட்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கூட்டம் வைப்பதைப் பற்றி ஒன்று, நிறைகுடத்து எடை. இரண்டாக மடிகிற போன், வாசனை கண்டுபிடிக்கிற ஃபிரிட்ஜ், 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று ஆரம்பிக்கிற மெயில், எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று இருந்தது. காலையில் எல்லாவற்றையும் ஹெல்மெட்டில் இறக்கிவிட்டு மேலே போவான். தலை இறகு மாதிரி இருக்கும். கருத்தில்லாத கை கீபோர்டில் தண்ணீர் மாதிரி ஓடும். சாயங்காலம் திரும்ப மாட்டிக்கொண்டு, கீரணத்தம் வரைக்கும் தனக்குள் வாதாடிக்கொண்டே வண்டி ஓட்டுவான். இரண்டுமே அவனுக்குப் பிடித்திருந்தது.

இப்படியே போயிருக்கும், அந்தக் கிரைண்டர் கருத்து வராமல் இருந்திருந்தால்.

கம்பெனி ஒரு கிரைண்டர் செய்துகொண்டிருந்தது. கோயம்புத்தூரில் கிரைண்டர் செய்வது பெரிய விஷயமில்லை. ஆனால் இந்தக் கிரைண்டரில் ஸ்விட்ச் கிடையாது. போன் வழியாகத்தான் ஓட்ட வேண்டும், போன் வழியாகத்தான் நிறுத்த வேண்டும். அந்தப் போனுக்குள் ஓடுகிற கோடைத்தான் யுகேந்திரன் எழுதினான். எழுதும்போது அவனுக்கு அதில் ஒன்றும் தவறாகத் தோன்றவில்லை. தோன்றுகிற சாமான்தான் கீழே ஹெல்மெட்டில் இருந்ததே.

ஒருநாள் மதியம் கீழே கேன்டீனுக்குச் சாப்பிட இறங்கினான். அங்கே சமையல்காரப் பெண் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். பழைய கிரைண்டர். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் மாவு. பதம் வந்ததும், முழங்கையின் முனையால் ஸ்விட்சை ஒரு தட்டு தட்டினாள். கிரைண்டர் நின்றது. அவ்வளவுதான் நடந்தது. யுகேந்திரன் தட்டோடு நின்ற இடத்தில் நின்றான். கிரைண்டருக்கு ஸ்விட்ச் வேண்டும் என்ற கருத்து அந்த நிமிடம் வந்து அவன் தோளில் உட்கார்ந்தது. ஒரு சிமென்ட் மூட்டை கனம்.

மூன்று தடவை லிஃப்டில் ஏறிப் பார்த்தான். மூன்று தடவையும் மணி அடித்தது. ஹெல்மெட்டில் விட்டுவிட்டு மேலே போனான்; போன பிறகு எதற்காகத் தவித்தோம் என்பது மறந்துவிட்டது. சாயங்காலம் ஹெல்மெட்டை மாட்டியதும் ஞாபகம் வந்து, கழுத்து வலித்தது.

ஒன்பதாம் மாடியில் முடிவாகாமல் கிரைண்டரில் ஓர் ஆணிகூட மாறாது. கருத்து ஒன்பதாம் மாடிக்குப் போக வேண்டும். இதற்கு வழி சொன்னவன் பெனடிக்ட். யுகேந்திரன் எழுதுகிற கோடில் பிழை கண்டுபிடிப்பது அவன் வேலை.

"மச்சான், முழுசா எதுக்குத் தூக்கற? பாதி பாதியா ஏத்து. பாதிக் கருத்துக்கு எடையே இருக்காது. நம்ம மேனேஜரப் பாரு, எல்லாமே பாதி பாதியாத்தான் சொல்லுவாரு. எவ்வளவு ஈசியா ஆறாம் மாடிக்குப் போறாரு!"

சரியாகத்தான் பட்டது. 'கிரைண்டருக்கு' என்பதைப் பெனடிக்ட் எடுத்துக்கொண்டான். 'ஸ்விட்ச் வேண்டும்' என்பதை யுகேந்திரன் வைத்துக்கொண்டான். ஒருவர் பின் ஒருவராகப் போய் ஒன்பதாம் மாடியில் சேர்த்துவிடுவதாக ஏற்பாடு. பெனடிக்ட் முதலில் ஏறினான். ஆறாம் மாடியில் லிஃப்ட் நின்றபோது யாரோ ஒருவர் இதே யோசனையோடு ஒரு பாதியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். 'வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வேண்டும்' என்ற பாதி அது. நெரிசலில் இரண்டும் உரசி ஒட்டிக்கொண்டன. ஒன்பதாம் மாடியில் ரங்கநாயகம் சாரிடம் போய்ச் சேர்ந்தது, கிரைண்டருக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வேண்டும் என்பது.

"எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருக்கு" என்றார் ரங்கநாயகம் சார். கம்பெனியில் அதற்கு அர்த்தம், ஒப்புதல் ஆகிவிட்டது என்பது.

அடுத்த வாரத்திலிருந்து சோதனைக்கு வைத்திருந்த கிரைண்டர்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கின. ஆளுக்கொன்றாக எல்லோர் வீட்டுக்கும் வந்தன. யுகேந்திரன் கையில் மிஞ்சியிருந்த 'ஸ்விட்ச் வேண்டும்' என்ற பாதிக்கு, இரவோடு இரவாகப் பல்லிக்கு வால் முளைப்பதுபோல மற்றப் பாதி முளைத்துக்கொண்டது.

கிரைண்டர் அவன் வீட்டில் ஜன்னலோரம் சிக்னல் நன்றாகக் கிடைக்கிற இடமாகப் பார்த்து நின்றது. காலையில் மீட்டிங்கில் இருக்கும், அப்போது அரைக்காது. மதியம் ஒரு மணிநேரம் ஓய்வு. யுகேந்திரனின் மனைவி கோகிலவாணி காந்திபுரத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். அவளுக்கு மாவு ஆட்டச் சாயங்காலம்தான் தோதுப்படும். முதல் தடவை ஆட்டியபோது, உளுந்து பதமாகி, கையை விட்டு வழித்துப் பார்த்துவிட்டு, "போதுஞ் சாமி, நில்லு" என்றாள். கிரைண்டர் நிற்கவில்லை. போனில் ஒரு கேள்வி வந்தது: 'நிறுத்தட்டுமா? ஆம். பிறகு நினைவூட்டு.' கையெல்லாம் மாவு. மூக்கால் தொட்டாள். போன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இது வேறு யாரோ என்றது. மாவு சுடச்சுட வழிந்து ஜன்னல் வரை போயிற்று. அவளுடைய போனில் இன்றைக்கும் 'ஆம்' வருகிற இடத்துக்கு மேலே ஓர் உளுந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"ஏன் மாமா," என்றாள் கோகிலவாணி, தரையைத் துடைத்துக்கொண்டே. "ஒரு ஸ்விட்சு வெக்கறதுக்கு ஒம்போது மாடி வேணுமா?"

அவள் கேட்டது நேராகப் போய் அவனுடைய கருத்தோடு சேர்ந்துகொண்டது. மறுநாள் ஹெல்மெட்டை மாட்டும்போது கொக்கி முனகியது.

இப்படியே இரண்டு மாதம். அந்தக் கருத்து கீழேயே தொங்கியது. ஒவ்வொரு முறை மாவு ஆட்டும்போதும் கொஞ்சம் எடை கூடியது. அதற்குள் சேதி வந்துவிட்டது: வெள்ளிக்கிழமை கடைசிக் கூட்டம். திங்கட்கிழமை கிரைண்டரின் உடம்புக்கு அச்சு வெட்டப் போகிறார்கள். அச்சு வெட்டிவிட்டால் அப்புறம் அதில் ஒரு துளை போடுவதற்குக்கூட இடமில்லை. ஊர் உலகத்தில் எத்தனை வீட்டில் மாவு வழியப்போகிறதோ, எல்லாம் வழியும்.

வியாழக்கிழமை வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். பெரிய வாடிக்கையாளர்கள். அவர்களுடைய கருத்துகளைக் கீழே வாங்கி வைப்பது மரியாதையில்லை. சாரோடு அப்படியே லிஃப்டில் ஏறினார்கள். மணி அடித்தது. ரங்கநாயகம் சார், "ஒண்ணும் அவசரமில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்து, தன்னுடைய ஹெல்மெட்டை எடுத்து, அந்த அப்பளத்தை அதற்குள் சொல்லிவிட்டு ஏறினார். அவர் பழைய ஸ்கூட்டரில்தான் வருவார். கார் வாங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. எல்லாம் நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. அவருடைய ஹெல்மெட்டும் யுகேந்திரனுடைய ஹெல்மெட்டும் ஒரே மாதிரி. ஆண்டுவிழாவில் எல்லோருக்கும் கொடுத்த கறுப்பு ஹெல்மெட்.

அன்று மத்தியானம் யுகேந்திரனின் கொக்கி வளைய ஆரம்பித்தது. மாராத்தாள் பார்த்தாள். பக்கத்துக் கொக்கி ரங்கநாயகம் சாருடையது, புதிது மாதிரி இருந்தது. கனமானதை அந்தக் கொக்கிக்கு மாற்றினாள். சாருடையதை எடுத்து வளைந்த கொக்கியில் மாட்டினாள். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. யுகேந்திரன் ஓடிவந்து வழக்கமான கொக்கியில் இருந்ததை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனான். சாரும் வந்து அவருடைய கொக்கியில் இருந்ததை எடுத்துக்கொண்டு போனார். மாராத்தாள் அப்போது மழைத்தண்ணீர் உள்ளே வராமல் சாக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வருகிற வழியில் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். நல்லாத்தான் இருந்தது. வண்டி இரண்டு முறை நின்றது. அதுவும் நல்லாத்தான் இருந்தது. நனைந்துபோய் வீட்டுக்குள் நுழைந்தவன் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"இன்னிக்கும் மாவு போச்சு மாமா," என்றாள் கோகிலவாணி. "பாதில நின்னுக்கிட்டு, 'புதுப்பிச்சுக்கிட்டிருக்கறேன், அணைக்க வேண்டாம்'ங்குது. அணைக்கறதுக்கு என்னத்த வெச்சீங்க அதுல, அணைக்க வேண்டாம்ங்கறதுக்கு?"

"எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருக்கு, அம்மிணி."

அவள் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்குத்தான கடைசி மீட்டிங்கு? ஸ்விட்சப் பத்திச் சொல்லப்போறீங்களா இல்லீங்களா?"

"ஸ்விட்சா? இருந்தாலும் நல்லாருக்கும். இல்லாட்டியும் நல்லாருக்கும்."

"எங்கம்மா அடுத்த மாசம் வந்து ஒரு மாசம் தங்கறேன்னுது."

"நல்லாத்தான் இருக்கு."

கோகிலவாணி அடுப்பை அணைத்தாள். நேராகப் போய் ஹெல்மெட்டை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். உள்ளே ஜவ்வாது வாசம்.

"இது உங்க ஹெல்மெட்டு இல்லீங்க மாமா."

"அப்படீங்கறயா? சாருதா இருக்கும். ஒம்போதாம் மாடி. பக்கத்துக் கொக்கி."

"அப்ப உங்களுது?"

"சாரு தலைல இருக்கும்."

அவள் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தாள். ஜன்னலோரம் நின்ற கிரைண்டரைப் பார்த்தாள். அது புதுப்பித்துக்கொண்டிருந்தது. பிறகு துண்டை எடுத்து வந்து அவன் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்:

"நாளைக்கு யாரு கேட்டாலுஞ் செரி, இந்த ஹெல்மெட்டக் குடுக்கக் கூடாது. உள்ள இருக்கறதயும் குடுக்கக் கூடாது. அந்தச் சாரே வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாது. கேட்டுச்சா?"

"நல்லாத்தான்..."

"நல்லாருக்குதான்னு நான் கேக்கல. குடுக்கக் கூடாது."

அது கருத்தல்ல, உத்தரவு. வீட்டில் போட்ட உத்தரவுக்கு லிஃப்டில் எடை கிடையாது. கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் இது.

வெள்ளிக்கிழமை காலை யுகேந்திரன் சீக்கிரமே வந்துவிட்டான். ஹெல்மெட்டைக் கொக்கியில் மாட்டவில்லை. உள்ளே ஒன்றும் சொல்லவுமில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறி நான்கை அழுத்தினான். அவனிடம் இருந்தது அந்த அப்பளம் ஒன்றுதான். லிஃப்ட் ராகம் இழுத்துக்கொண்டு நான்கைத் தாண்டியது, ஆறைத் தாண்டியது, ஒன்பதில் போய் நின்றது.

ஒன்பதாம் மாடியை அவன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். ஒரு நீளமான மேசை. ஒரு நாற்காலி. ஒரு பெரிய ஜன்னல். அதில் மேற்கே மருதமலை முழுசாகத் தெரிந்தது. வேறெதுவும் கிடையாது. அவன் உள்ளே கால் வைத்ததும், ஆள் வந்த சந்தோஷத்தில் தரை லேசாக அவன் பக்கம் சாய்ந்து கொடுத்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லாத்தான் இருந்தது.

போன் அடித்தது. பெனடிக்ட்.

"டேய், எங்கடா இருக்க?"

"ஒம்போதுல."

"அங்க என்னடா பண்ற? மீட்டிங் கீழ நடக்குது. சாரால ஏற முடியல. லிஃப்டு மணி அடிச்சுக்கிட்டே இருக்குது. ஓடி வா."

உள்பக்கக் கைப்பிடியைத் திருப்பி, படிக்கட்டு வழியாக இறங்கினான். ஒன்பது மாடியும் இறங்குவது நல்லாத்தான் இருந்தது.

தரைத்தளத்தில் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. மாராத்தாளின் பிளாஸ்டிக் நாற்காலியில் ரங்கநாயகம் சார் உட்கார்ந்திருந்தார். மேலே இருக்க வேண்டியவர்கள் இறங்கி வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். புகார் கேட்கிறவர்கள் டீ கிளாஸோடு எட்டிப் பார்த்தார்கள். சுவரெல்லாம் ஹெல்மெட்டுகள், கண்ணாடிகள் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன. மாராத்தாள் குச்சியோடு நின்றாள்.

சார் பேசிக்கொண்டிருந்தார். அவர் அத்தனை நேரம் தொடர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை.

"அந்தக் கடிகாரத்தச் சொல்லுங்க. உக்காந்தா எந்திரிங்குது. எங்க மாமியார் வீட்லகூட என்ன அப்படிச் சொன்னதில்ல. அது போகட்டும். மொதல்ல கிரைண்டருக்கு வாரேன். ஸ்விட்ச் வேணும்."

ஆறாம் மாடியில் டிசைன் பார்க்கிற ஷைலஜா மேடம் மெதுவாகச் சொன்னார். "சார், முன்பக்கம் முழுக்க வழவழன்னு வெச்சிருக்கோம். ஸ்விட்ச் வந்தா அது மூஞ்சில மரு மாதிரி இருக்கும்."

"மாவுக் கையோட போனத் தொட்டுப் பாத்திருக்கீங்களாம்மா?"

"இல்ல சார். எங்க வீட்ல இட்லி வெளியதான் வாங்கறது."

"முழங்கையால தட்டி நிறுத்தணும். ரெண்டு கைலயும் மாவு இருக்கும். போன எதால தொடறது, மூக்காலயா?" சார் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "ஒரு ஸ்விட்சு வெக்கறதுக்கு ஒம்போது மாடி வேணுமா?"

கோகிலவாணியின் குரலில் ஏறி இறங்குகிற இடங்கள்கூட அப்படியே இருந்தன. யுகேந்திரன் கேட்டுக்கொண்டு நின்றான். யாரோ நன்றாக யோசித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

கருத்து வந்துவிட்டது, சரி. ஒப்புதல் சொல்ல வேண்டியவர் சார்தான். அந்த வார்த்தையைச் சார் சொன்னால்தான் ஆகும். அவரோ சொல்லாமல், அடுத்ததாகத் திங்கட்கிழமைக் கூட்டத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் மாராத்தாள் யுகேந்திரனின் கக்கத்தைப் பார்த்தாள். வரிசையாகக் கொக்கிகளைப் பார்த்தாள்.

"அட, நான் மாத்தி மாட்டீட்டனாட்ட இருக்குதே! ஏனுங் சார், உங்க ஹெல்மெட்டு இந்தத் தம்பிகிட்ட இருக்குதுங். தம்பி, குடு கண்ணு. சாரு பாவம், மேல போகோணுமல்ல."

எல்லோரும் யுகேந்திரனைப் பார்த்தார்கள். சாரும் பார்த்தார். ஹெல்மெட்டில் சொல்லிக் கொடுத்துவிட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். சார் அதை மாட்டிக்கொண்டு ராகத்தோடு மேலே போவார். சிமென்ட் மூட்டை திரும்ப அவன் தலைக்கு வரும், அங்கிருந்து கொக்கிக்குப் போகும். திங்கட்கிழமை அச்சு வெட்டுவார்கள். இதெல்லாம் யுகேந்திரனுக்கும் தெரிந்தது. அப்படி நடந்தாலும் நல்லாத்தான் இருக்கும் என்றுதான் தோன்றியது. கை தானாக ஹெல்மெட்டை நீட்டப் போயிற்று. உத்தரவு ஞாபகம் வந்தது. திரும்ப இடுக்கிக்கொண்டான்.

"வீட்ல குடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க சார்."

"வீட்லயா?"

"ஆமாங் சார். நீங்களே கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு."

ரங்கநாயகம் சார் தலையை ஆட்டினார். "வீட்ல சொல்லீட்டா அப்பறம் என்ன பண்றது. வெச்சுக்குங்க." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "நீங்கதான அந்தப் போனுக்குக் கோடு எழுதறது? ஸ்விட்ச் வெச்சா உங்களுக்கு ஏதாச்சும் செரமமா தம்பி?" என்று கேட்டார்.

யுகேந்திரனிடம் சொல்வதற்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருக்குங் சார்."

ஹெல்மெட்டுகள் ஆடுவதை நிறுத்தின. ஷைலஜா மேடம் கையிலிருந்த டேப்லெட்டில் குறித்துக்கொண்டார். மேனேஜர் யாருக்கோ போன் போட்டு, "ஆமாங்க, ஒப்புதல் ஆயிடுச்சு, வலதுபக்கம் ஒரு துளை..." என்று ஆரம்பித்து, வழக்கம்போலப் பாதியில் விட்டார். பெனடிக்ட் யுகேந்திரனின் தோளில் தட்டினான்.

"முடிஞ்சுது மச்சான். ஒம்போதாம் மாடி சொல்லீருச்சு."

திங்கட்கிழமை அச்சு வெட்டினார்கள். வலதுபக்கம், முழங்கை உயரத்தில், துளையோடு.

அன்று காலை யுகேந்திரன் ஹெல்மெட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று சாரிடம் கேட்டான். வேலை முடிந்துவிட்டதால் கோகிலவாணி உத்தரவை நீக்கியிருந்தாள். சார்தான் யோசித்தார். சனி ஞாயிறு இரண்டு நாளும் அவர் வீட்டில் பேசியிருக்கிறார். ஃபிரிட்ஜைப் பற்றி, பக்கத்து வீட்டு கேமரா இந்தப் பக்கம் பார்ப்பதைப் பற்றி, சாம்பாரைப் பற்றியும்கூட. அவருடைய மனைவி எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதிலுக்குப் பதில் கொடுத்திருக்கிறார். இருவரும் சாப்பிடவே மறந்துபோனார்களாம்.

"இருக்கட்டுமே தம்பி," என்றார் சார். "உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?"

யுகேந்திரனுக்கு இருக்க முடியாது.

அதிலிருந்து ரங்கநாயகம் சார் தரைத்தளத்தில்தான். மாராத்தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். புகார் கேட்கிறவர்களோடு டீ குடிப்பார். மதியம் ஹெல்மெட்டுகள் முணுமுணுத்தால் குச்சியால் தட்டவிடாமல் காதை வைத்துக் கேட்பார். அந்த வருடம் மாராத்தாளுக்குச் சம்பளம் ஏறியது.

யுகேந்திரன் தினமும் நான்கை அழுத்துவான். லிஃப்ட் அவனை ஒன்பதுக்குத்தான் கொண்டுபோகும். கொஞ்ச நேரம் மருதமலையைப் பார்த்துவிட்டு, ஐந்து மாடி படியில் இறங்கித் தன் இடத்துக்குப் போவான். கதவை உள்பக்கத்திலிருந்துதான் திறக்க முடியும் என்பதால் நான்காம் மாடிக்காரர்கள் யாராவது வந்து திறந்துவிட வேண்டும். பெனடிக்ட் திறந்துவிடுவான். சில சாயங்காலங்களில் வண்டி ஓட்டும்போது, மடிகிற போனைப் பற்றி முன்பு என்ன நினைத்தோம் என்று யோசித்துப் பார்ப்பான். அங்கே ஒன்றும் இருக்காது. பல் விழுந்த இடத்தை நாக்கு தடவிப் பார்ப்பதுபோல இருக்கும். வீடு வந்துவிடும்.

புதுக் கிரைண்டர் ஓர் ஆடி மாதத்தில் வீட்டுக்கு வந்தது. பழையது வேலையை விட்டுவிட்டு, வேறு நல்ல கம்பெனி கிடைத்துப் போயிருந்தது. கோகிலவாணி அரிசி போட்டாள், ஆட்டினாள், கையை விட்டுப் பதம் பார்த்தாள். பிறகு முழங்கையால் ஒரு தட்டு. டக்கென்று நின்றது.

"பாத்தீங்களா மாமா?"

அவன் வந்து பார்த்தான். அவள் தள்ளி நின்று இடம் கொடுத்தாள். அவனும் முழங்கையால் ஒருமுறை போட்டு, ஒருமுறை அணைத்தான். கிரைண்டருக்கு ஸ்விட்ச் வேண்டும் என்ற கருத்து இப்போது அவனிடம் இல்லை. ஸ்விட்ச் இருந்தது. மறுநாள் தோசை நன்றாக வந்தது. அவன் எப்போதும்போல் சொன்னான். அவளும் ஒத்துக்கொண்டாள்.

அன்று காலை கம்பெனிக்குப் போய் லிஃப்டில் நான்கை அழுத்தினான். லிஃப்ட் ராகம் இழுத்துக்கொண்டு எட்டு வரைக்கும் போய், மேலே போக இடமில்லாமல் நின்றது. கதவு திறந்ததும் தலைக்கு மேலே வானம்தான் இருந்தது. யுகேந்திரன் படியில் இறங்கிக் கீழே வந்தான்.

ஒன்பதாம் மாடி அங்கே இருந்தது. காலையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் தங்குவதில்லை என்பதைப் பற்றி அதற்கும் ஒரு கருத்து வந்திருந்தது. எடை தாங்காமல், அவன் லிஃப்டில் மேலே போய்க்கொண்டிருந்தபோதே படி வழியாக இறங்கிவிட்டதாம். மேசை, நாற்காலி, ஜன்னல், ஜன்னலுக்குள் மருதமலை எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு கொக்கிகளுக்கு முன்னால் நடைபாதையை அடைத்தபடி உட்கார்ந்திருந்தது. ரங்கநாயகம் சார் அதற்கு ஒரு டீ சொல்லிவிட்டு, அது சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹெல்மெட் மாட்ட வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

"கொஞ்சம் அக்கட்டால தள்ளி உக்காருங்," என்றாள் மாராத்தாள். "ஆளுங்க போகோணுமல்ல."

ஒன்பதாம் மாடி தள்ளி உட்கார்ந்தது.